ஒன்பதாவது சிப்

மாணிக்கவாசகத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதினால் நான் செய்ததையும் எழுத வேண்டியிருக்கும். அதனாலேயே தள்ளிப்போட்டு வந்தேன்.

2001, 2002ஆம் வருடங்களில் நான் தில்லி நேரு பிளேஸில் ஒரு கம்ப்யூட்டர் பராமரிப்பு கம்பெனியில் வேலை பார்த்தேன். புகார் மேஜை என்னுடையது. எங்கள் பொறுப்பில் இருந்த மெஷின் எங்கே நின்றாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். விவரத்தை எழுதிக்கொண்டு, புகார் எண் கொடுத்து, பக்கத்தில் எந்த இன்ஜினியர் இருக்கிறார் என்று பார்த்து அனுப்ப வேண்டும். வேலை முடிந்ததும் அந்தப் புகாரைக் கம்ப்யூட்டரில் ‘மூடப்பட்டது’ என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. பெயர் கனிமொழி. ஆபீஸில் எல்லோருக்கும் கனி.

எங்கள் இன்ஜினியர்களில் மூத்தவர் மாணிக்கவாசகம். சொந்த ஊர் குளித்தலை. பாலிடெக்னிக் படித்துவிட்டு 1988இல் தில்லிக்கு வந்தவர். மனைவி அம்சவேணி மத்திய அரசு அலுவலகத்தில் இருந்தார். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் அவர் பெயரில்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. “நம்ம வீடுன்னு சொல்லாதம்மா, அவங்க வீடு. நான் கூடத் தங்கியிருக்கேன்” என்று சிரிப்பார்.

அவர் வேலை செய்வதை நான் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மெஷினைத் திறப்பதற்கு முன்னால் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். பெட்டியின் இரும்பு விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் இறங்கிப் போகட்டும் என்று. தெரியாதவர்கள் அவர் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மேற்கு தில்லியில் ஒரு அறக்கட்டளை மருத்துவமனை எங்கள் வாடிக்கையாளர். அதன் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு சர்வர் இருந்தது. ரத்தப் பரிசோதனை மெஷின்கள் கொடுக்கும் எண்கள் எல்லாம் கம்பி வழியாக நேரே அதற்குள் போகும். அங்கிருந்து நோயாளி பெயரோடு ரிப்போர்ட்டாக அச்சாகி வெளியே வரும்.

2001 நவம்பரில் அந்த சர்வரில் ஒரு மெமரி அட்டை பழுதாயிற்று. அதை சர்வரே கண்டுபிடித்துத் தன் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தது. அது போன்ற அட்டையில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது சிப் இருக்கும். எட்டு சிப்கள் எண்ணையும் எழுத்தையும் வைத்துக்கொள்ளும். ஒன்பதாவது, மற்ற எட்டும் சரியாக வைத்திருக்கின்றனவா என்று சரிபார்ப்பதற்காக இருப்பது. எங்காவது ஒரு சின்ன மாற்றம் வந்தால் அது திருத்திவிடும், பதிவேட்டில் எழுதியும் வைக்கும். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் போடும் சாதாரண அட்டையில் எட்டு சிப்தான். தப்பு வந்தால் யாருக்கும் தெரியாது.

ஒன்பது சிப் அட்டை எங்கள் ஸ்டாக்கில் இல்லை. சர்வீஸ் மேனேஜர் விஸ்வநாதன், “கீழே கடையில ஒரு சாதா அட்டை வாங்கிப் போட்டு ஓட்டு. ஒரு வாரத்துல ஒரிஜினல் வந்துடும்” என்றார். எட்டு சிப் அட்டை ஒன்றைச் சேர்த்தால் அந்த சர்வரின் மொத்தச் சரிபார்ப்பையும் அணைத்தால்தான் அது எழும்பும். மாணிக்கவாசகத்துக்கு மனசில்லை. ஆனாலும் போட்டார். திரும்பி வந்து என் மேஜைக்கு முன் நின்றார்.

“கனி, இந்தப் புகாரை மூடாதே. பெண்டிங்லயே வை. ஒரிஜினல் வந்ததும் நானே போய் மாத்தணும்.”

வைத்தேன். ஜனவரியில் இரண்டு தடவை கேட்டார். ஒரிஜினல் வரவில்லை. மார்ச் கடைசி வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து கணக்காய்வு வந்தது. பெண்டிங் பட்டியல் காலியாக இருக்க வேண்டும் என்றார் விஸ்வநாதன். “மெஷின் ஓடுதில்ல? அப்புறம் என்ன பெண்டிங்? எல்லாத்தையும் மூடு.” ஒரே மத்தியானத்தில் நாற்பத்தொரு புகார்களை மூடினேன். அந்த மருத்துவமனையும் அதில் ஒன்று. மாணிக்கவாசகத்திடம் சொல்ல வேண்டும் என்று அப்போது தோன்றியது. அவர் அன்றைக்கு ஃபரீதாபாத்தில் இருந்தார். அப்புறம் மறந்துவிட்டேன்.

ஜூன் 24, திங்கட்கிழமை. மருத்துவமனை நிர்வாகி குலாட்டி போன் செய்தார். லேப் சர்வர் தானாக நின்று நின்று எழும்புகிறது என்றார். மாணிக்கவாசகத்தைப் பிடித்துச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி இது:

“அந்த நவம்பர் மெமரி மாத்தியாச்சா?”

எனக்கு அந்த நேரத்தில் மூன்று போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. திரையைப் பார்த்தேன். “மூடினதா இருக்கு சார்” என்றேன்.

“ஓ, யாரோ போய் மாத்திட்டாங்க போல. சரி.”

நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையால் பதினெட்டு நாள் போயிற்று.

ஒன்பது சிப் அட்டைகள்தான் உள்ளே இருக்கின்றன, சரிபார்ப்பும் திரும்ப இயக்கப்பட்டிருக்கிறது என்று அவர் நம்பினார். அப்படியானால் மெமரியில் தப்பு வந்தால் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவேட்டில் மெமரி பற்றி ஒரு வரிகூட இல்லை. எனவே கோளாறு வேறெங்கோ இருக்கிறது. அவர் நினைத்ததில் தப்பே இல்லை. முதல் தடவை மின்சாரம் கொடுக்கும் பாகத்தை மாற்றினார். இரண்டாவது தடவை டிஸ்க்கைச் சோதித்தார். மூன்றாவது தடவை, எதற்கும் இருக்கட்டும் என்று மெமரி சோதனையும் ஓடவிட்டார். குலாட்டி காலை எட்டு மணிக்கு நாற்பது நிமிடம்தான் கொடுத்தார். முழுச் சோதனைக்கு ஆறேழு மணி நேரம் வேண்டும். நாற்பது நிமிடத்தில் எல்லாம் சுத்தமாக வந்தது.

“இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சா தேவலை” என்று அவர் கேட்டதற்கு, “ஐசியூ ரிப்போர்ட்டை நீங்க கையில எழுதிக் கொடுக்கறீங்களா?” என்று குலாட்டி திருப்பிக் கேட்டார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் இருந்தது.

சர்வர் அறையில் ஒரே ஒரு ஜன்னல் ஏசி. ஜூலையில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அது திணறும். சர்வர் நிற்பதெல்லாம் அந்த நேரத்தில்தான். காலையில் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வந்தார். மத்தியானம் சோதிக்க அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. குலாட்டி எனக்குப் போன் செய்து கத்துவார். நான் மாணிக்கவாசகத்துக்குப் போன் செய்வேன். “பார்க்கலாம்மா” என்பார். அவர் குரல் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது.

ஜூலை 12, வெள்ளிக்கிழமை. ஏழாவது தடவையாகப் போயிருந்தார். லேப் பொறுப்பாளர் தமிழ்செல்வி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். நாகர்கோவில் பெண். பத்து வருடமாக அந்த லேப்பில் இருந்தவர். பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்:

“அண்ணே, இந்த மெஷின் நிக்கதுகூடப் பரவாயில்ல. போன வாரம் ஒரு பெரியவரு வந்து ஒரே சண்டை. அவரு பேரு ஓம் பிரகாஷ். ரிப்போர்ட்டுல கேஎம் பிரகாஷுன்னு வந்துட்டு. இங்க கேஎம்னா குமாரியில்லா? அறுவது வயசு ஆளைக் கல்யாணமாகாத பொண்ணாக்கிட்டீங்கன்னு குதிக்காரு. டைப் பண்ணின பிள்ளையத்தான் ஏசினேன். அது ஓம்னுதான் அடிச்சேன்னு சத்தியம் பண்ணுது.”

மாணிக்கவாசகம் டீயைக் கீழே வைத்தார். “வேற ஏதாவது மாறி வந்துதா?”

“ஒரு ரிப்போர்ட்டுல புள்ளிக்குப் பதிலா நட்சத்திரம் வந்துச்சு. பிரிண்டர் கோளாறுன்னு நினைச்சு பேனாவால திருத்திக் குடுத்தேன்.”

அவர் ஒரு காகிதத்தை எடுத்து எழுதிப் பார்த்தார். கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்தையும் எட்டு விளக்குகள் மாதிரி வைத்துக்கொள்கிறது. சில எரியும், சில அணைந்திருக்கும். ஆங்கில ‘ஓ’வில் எரிய வேண்டிய ஒரு விளக்கு அணைந்தால் அது ‘கே’ ஆகிவிடும். தசமப் புள்ளியில் அதே விளக்கு அணைந்தால் நட்சத்திரம் ஆகும். இரண்டும் ஒரே விளக்கு. பிறகு அவர் எண்களை எழுதினார். அந்த விளக்கு அணைந்தால் நான்கு பூஜ்யமாகும். ஐந்து ஒன்றாகும். ஆறு இரண்டாகும். ஏழு மூன்றாகும். மற்ற எண்களில் அந்த விளக்கு முதலிலிருந்தே அணைந்துதான் இருக்கும். அவை மாறாது.

தமிழ்செல்வி அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அண்ணே, ஓம் கேஎம் ஆனா ஆளு சண்டைக்கு வருவான். அஞ்சு ஒண்ணானா யாருக்குத் தெரியும்?”

அன்று மாணிக்கவாசகம் குலாட்டியின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு சர்வரை நிறுத்தினார். சோதனை ஆரம்பித்துப் பதினோராவது நிமிடத்தில் சிவப்பு வரி வந்தது. ஒரே ஒரு இடம், ஒரே ஒரு விளக்கு. சூடு ஏறினால் மட்டும் அணையும் விளக்கு. மூடியைத் திறந்து அட்டைகளை உருவி சிப்களை எண்ணினார். மூன்றில் ஒன்பது. ஒன்றில் எட்டு.

எனக்குப் போன் வந்தது.

“கனி, நவம்பர்ல நான் போட்ட அட்டை அப்படியே இருக்கு. அந்தப் புகாரை யார் மூடினது?”

“நான்தான் சார். மார்ச்ல.”

பின்னால் யாரோ ஹிந்தியில் கத்துவது கேட்டது. குலாட்டியாக இருக்கலாம்.

“சரி. ஒன்பது சிப் அட்டை எங்கயாவது கிடைக்குமா பாரு. ஜல்தி.”

இத்தனை மாதம் கிடைக்காத அட்டை அரை மணி நேரத்தில் கிடைத்தது. நொய்டாவில் எங்கள் ஷோரூமில் நின்ற ஒரு காட்சி மெஷினில் இருந்தது. ஆள் அனுப்பிக் கழற்றி வரவழைத்தேன். அன்று மாலையே பொருத்தி, சரிபார்ப்பைத் திரும்ப இயக்கி, சர்வரை ஓடவிட்டார். அதற்கப்புறம் அது ஒரு தடவைகூட நிற்கவில்லை.

குலாட்டிக்கு சந்தோஷம். மாணிக்கவாசகம் அவரிடம், சர்வர் நிற்க ஆரம்பித்த இந்தப் பதினெட்டு நாளில் வெளியே போன ரிப்போர்ட்களில் சில தப்பாக இருக்கலாம் என்றார். குலாட்டி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “இருக்கலாமா, இருக்கா?” என்றார். “பார்த்தாத்தான் தெரியும்.” “அப்ப பார்த்துட்டு என்கிட்ட மட்டும் சொல்லுங்க.”

பார்க்க ஒரு வழி இருந்தது. பரிசோதனை மெஷின்கள் எண்களைக் கம்பியில் அனுப்பும்போதே தங்கள் சிறு காகிதச் சுருளிலும் அச்சடிக்கும். பெரும்பாலான இடங்களில் அதைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். தமிழ்செல்வி குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டிகளில் தேதிவாரியாகப் போட்டு வைத்திருந்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் லேப்புக்குப் பின்னாலிருந்த அறையில் உட்கார்ந்தோம். நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். தமிழ்செல்வி சுருளைப் படிக்க, நான் திரையில் பார்த்து “சரி” சொல்ல, மாணிக்கவாசகம் குறித்துக்கொள்ள, இரண்டாயிரத்துச் சொச்சம் ரிப்போர்ட்கள். சுருளில் எழுத்து மங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் பிடித்துப் பிடித்துப் படித்தார்.

சனிக்கிழமை மூன்று கிடைத்தன. சர்க்கரை 172 இருந்தவருக்கு 132 என்று போயிருந்தது. இன்னொருவருக்கு 214 என்பது 210. அதனால் ஒன்றும் ஆகாது. நாங்கள் கொஞ்சம் தைரியமாகக்கூட ஆனோம்.

ஞாயிறு காலை பதினோரு மணி இருக்கும்.

“ஜூலை ரெண்டு. சுஷீலா தேவி, வயசு நாப்பத்தி ரெண்டு. கிரியேட்டினின் அஞ்சு புள்ளி ஆறு” என்று படித்தார் தமிழ்செல்வி.

நான் திரையைப் பார்த்தேன். ஒன்று புள்ளி ஆறு.

நான் “சரி” சொல்லாததால் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கிரியேட்டினின் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. தமிழ்செல்வியின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எண் அது. ஒன்று புள்ளி ஆறு என்றால் லேசான கோளாறு. ஐந்து புள்ளி ஆறு என்றால் அன்றைக்கே படுக்கையில் சேர்த்திருக்க வேண்டும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய யூரியா அதிகம் என்பது ரிப்போர்ட்டில் சரியாகவே இருந்தது. வெயிலில் தண்ணீர் குடிக்காததால் என்று மருத்துவர் நினைத்திருக்கலாம். முதுகுவலிக்கு மாத்திரை எழுதி, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பியிருந்தார். வலி மாத்திரை சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும் என்றார் தமிழ்செல்வி.

மொத்தம் ஏழு பேர். ஆறு பேருக்குப் போன் எண் இருந்தது. இலவசமாகத் திரும்பப் பரிசோதிக்கிறோம் என்று சொல்லி குலாட்டி அவர்களை வரவழைத்தார். காரணம் சொல்லவில்லை. சுஷீலா தேவிக்குப் போன் இல்லை. மங்கோல்புரி என்று முகவரி மட்டும் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் மாணிக்கவாசகம் லீவு சொல்லிவிட்டு மங்கோல்புரிக்குப் போனார். மத்தியானம் அங்கிருந்து எனக்குப் போன் செய்தார்.

“ரூமைக் கண்டுபிடிச்சுட்டேன் கனி. பூட்டியிருக்கு. புருஷன் ராம்சேவக்னு பேரு, செருப்பு கம்பெனியில லோடு ஏத்துற ஆளு. அந்தம்மாவுக்கு வாந்தியா இருக்குதுன்னு நாலு நாளைக்கு முன்னாடி ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாராம். தர்பங்கா பக்கம் ஏதோ கிராமம். கிட்னி நல்லா இருக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, அப்ப இது மஞ்சள்காமாலைதான், ஊர்ல மருந்து குடுத்தா சரியாயிரும்னு போயிருக்காங்க.”

வீட்டுச் சொந்தக்காரர் சுவரில் கரியால் ஒரு எண் எழுதி வைத்திருந்தார். கிராமத்து டெலிபோன் பூத்தின் எண். அங்கே சொன்னால் ஆளைக் கூப்பிட்டு வருவார்கள். மாணிக்கவாசகம் ஒரு எஸ்டிடி பூத்தில் நின்று ஒரு மணி நேரம் முயன்ற பிறகு இணைப்புக் கிடைத்தது. ராம்சேவக்கைக் கூப்பிட ஆள் போனது. மறுபடி முக்கால் மணி நேரம். பேசியதை அவர் எனக்கு வரி விடாமல் பிறகு சொல்லியிருக்கிறார். ஹிந்தியில்தான் பேசினார்கள்.

“நான் தில்லி ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேன். உங்க மனைவி ரிப்போர்ட் தப்பு. கிட்னி ரொம்ப மோசமா இருக்கு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. பாட்னாவுக்குப் போயிடுங்க.”

“தப்பா? ஒண்ணுமில்லைன்னுதானே சொன்னாங்க பாபுஜி?”

“மெஷின்ல எண் மாறிப்போச்சு. இப்ப எப்படி இருக்காங்க?”

“நேத்திலிருந்து கண்ணைத் திறக்கலை. கூப்பிட்டா முனகறா. இங்கே மழை. ரோட்டுல இடுப்பளவு தண்ணி ஓடுது. காலையிலதான் படகு வரும்னு சொல்றாங்க.”

“படகுக்குக் காத்திருக்காதீங்க. வேற ஏதாவது...”

“பாபுஜி, மெஷின்ல எண் எப்படி மாறும்?”

அவர் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. அதற்கப்புறம் அன்று முழுவதும் கிடைக்கவில்லை.

மறுநாள் பூத்காரர், படகில் ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார். அடுத்த இரண்டு நாள் அந்த எண் செத்துக் கிடந்தது. நான் என் மேஜையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மாணிக்கவாசகம் ஆபீஸுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் கிடைத்தது. போனை அவரிடம் கொடுத்தேன். “ஜி... ஜி... அச்சா” என்றார். வைத்தார். கரையேறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். என்னைப் பார்க்காமல் போன் கம்பியின் சுருளைப் பிரித்துப் பிரித்து நேராக்கிக்கொண்டிருந்தார்.

அன்றே அவர் சர்வீஸ் ரிப்போர்ட்டை எழுதினார். நவம்பரில் தான் சாதாரண அட்டை போட்டது, சரிபார்ப்பை அணைத்தது, அது மாற்றப்படாமலே புகார் மூடப்பட்டது, ஏழு ரிப்போர்ட்கள் மாறியது, ஒரு பெண் இறந்தது. ஒன்றரைப் பக்கம். என் பெயரை எழுதவில்லை. விஸ்வநாதன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவரும் கெட்டவரில்லை.

“மாணிக்கம், நீ எழுதினது எல்லாம் சரி. இது வெளிய போனா கம்பெனியை மூடணும். நாற்பது குடும்பம்ப்பா.”

“நீங்கதான் சார் மூடச் சொன்னீங்க” என்றேன் நான்.

“சொன்னேன். எங்கயாவது எழுதியிருக்கா?”

எங்கேயும் எழுதவில்லை. விஸ்வநாதன் புதுத் தாளில் ‘மெமரி அட்டை மாற்றப்பட்டது, சர்வர் நன்றாக இயங்குகிறது’ என்று தானே எழுதி மாணிக்கவாசகத்திடம் நீட்டினார். அவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். குலாட்டியும் போட்டார். அந்தத் தாளில் பொய் ஒன்றும் இல்லை.

தமிழ்செல்வி ஒரு சிறுநீரக மருத்துவரிடம், யாருடையது என்று சொல்லாமல், விசாரித்துப் பார்த்தார். அன்றைக்கே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா? “சேர்த்திருப்போம், டயாலிசிஸ் செய்திருப்போம். பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது” என்றாராம். இந்தப் பதில் ஆறுதலா இல்லையா என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

செப்டம்பரில் மங்கோல்புரி வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து போன் வந்தது. மாணிக்கவாசகம் கொடுத்துவிட்டு வந்த எண் என் மேஜை எண்தான். ராம்சேவக் வேலைக்குத் திரும்பியிருக்கிறார் என்றார். நானும் மாணிக்கவாசகமும் போனோம்.

ஒரே அறை. மூலையில் ஸ்டவ். ராம்சேவக் எங்களைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மாணிக்கவாசகமும் இறங்கித் தரையில் உட்கார்ந்தார். நானும். அவர் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். விளக்கு, ஒன்பது சிப், எட்டு சிப். ராம்சேவக்குக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. கடைசியில் மாணிக்கவாசகம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். சுருளிலிருந்த சரியான எண்களைத் தமிழ்செல்வி மருத்துவமனைத் தாளில் தன் கையால் எழுதி, கீழே தன் பெயர் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். தெரிந்திருந்தால் அவருடைய வேலை போயிருக்கும்.

ராம்சேவக் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “இது அப்பவே கிடைச்சிருந்தா அவ இருந்திருப்பாளா?”

“தெரியாது.”

“டாக்டருக்குத் தெரியுமா?”

“அவங்களுக்கும் தெரியாதுன்னு சொல்றாங்க.”

“அப்ப இதை நான் யார்கிட்ட காட்டணும்?”

மாணிக்கவாசகம் என்னைப் பார்த்தார். போலீஸா, கோர்ட்டா, மருத்துவமனை வாசலா? அங்கெல்லாம் ராம்சேவக் போனால் எங்கே நிறுத்துவார்கள் என்று மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது.

மாணிக்கவாசகம் பேனாவை எடுத்துத் தாளின் பின்பக்கம் ஹிந்தியில் எழுதினார். பதினான்கு வருடம் தில்லியில் இருந்தும் அவருடைய ஹிந்தி எழுத்து பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவது மாதிரி இருந்தது. ‘அந்த அட்டையைப் பொருத்தியவன் நான்.’ பெயர், லக்ஷ்மிபாய் நகர் முகவரி, தேதி, கையெழுத்து. எழுதி முடித்துத் தாளை நடுவில் வைத்தார். பேனாவையும் அதன் மேல், என் பக்கமாக வைத்தார். நான் மடியிலிருந்த கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வருடம் நவம்பரில் எனக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ராம்சேவக் தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அம்சவேணிக்குத் தெரிந்தபோது பெரிய சண்டை நடந்ததாம். “என் பேர்ல அலாட் ஆன வீட்டு அட்ரஸை எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. நாளைக்குப் போலீஸ் வந்து நின்னா என் ஆபீஸ்ல நான் என்ன சொல்றது?” என்று அழுதிருக்கிறார். “வந்தா நான் சொல்லிக்கறேன்” என்றாராம் அவர்.

யாரும் வரவில்லை. அடுத்த வருடம் அவர் மங்கோல்புரிக்குப் போய்ப் பார்த்தார். அந்த அறையில் வேறு குடும்பம் இருந்தது. கிராமத்து பூத்தின் எண்ணும் மாறிவிட்டது. மருத்துவமனை பராமரிப்பை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. தமிழ்செல்வி குவைத்துக்குப் போனார். நான் கல்யாணமாகிப் புணேவுக்குப் போனேன்.

2008இல் தில்லிக்குப் போனபோது லக்ஷ்மிபாய் நகரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாணிக்கவாசகம் அந்தக் கம்பெனியை விட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. என் மகளுக்கு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். புணேயில் தண்ணீர் எப்படி, மழை எப்படி என்றெல்லாம் விசாரித்தார். நடுவில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “உனக்கு ஏதாவது கோர்ட் நோட்டீஸ் வந்துதா?” என்று கேட்டார்.

“எனக்கு எப்படி சார் வரும்? நான்தான் பேரே எழுதலையே.”

“ஆமா இல்ல” என்றார். “எனக்கும் வரலை.”

அம்சவேணி சமையலறையிலிருந்து, டீக்கு சர்க்கரை போடலாமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன்.